ஜைபுன்னிஸாவின் புகைபோக்கி

கர்நாடகத்துச் சித்லகட்டாவில் பட்டு நூற்பவர்கள் நிறைந்த எங்கள் தெருவில் ஜைபுன்னிஸாவைப் போல நூல் எடுக்க இன்னொருத்தி இல்லை. வெந்நீரில் மிதக்கும் பட்டுப்புழுக் கூடுகளிலிருந்து அவள் இழை பிரித்தால், அது அறுவது அபூர்வம். கணவர் மஹபூப் சந்தையில் கூடு வாங்கிப் போடுவார். பட்டறையில் மற்றதெல்லாம் அவள் ஆட்சி. சுவருக்கு அந்தப் பக்கம் மஹபூபின் தம்பி இலியாஸும் அவர் மனைவி ரைஹானாவும் அதே தொழிலைச் செய்தார்கள். ரைஹானாவின் நூல் சுமார்தான். அதில் ஜைபுன்னிஸாவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

பெங்களூர் புடவைக் கம்பெனியின் கார் ரைஹானா வாசலில் வந்து நின்ற அன்று அந்த நிம்மதி போயிற்று.

கம்பெனி வெளிநாட்டுக்குப் புடவை அனுப்புகிறது. இந்த நூலுக்காக எவ்வளவு விறகு எரிந்தது, எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலந்தது என்று அங்கே கேட்கிறார்களாம். ரைஹானாவோ, பாய்லர் புகைபோக்கியைச் சுற்றித் தண்ணீர்க் குழாய் ஓட்டி, வீணாய்ப் போகிற சூட்டிலேயே தண்ணீரைக் காய வைத்து, விறகுச் செலவை வெகுவாகக் குறைத்திருந்தாள். கம்பெனிக்காரர்கள் அவளைப் புகைபோக்கியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"நூலைப் பாத்தாங்களா, புகையைப் பாத்தாங்களா?" என்று ஜைபுன்னிஸா கணவரிடம் வெடித்தாள். "அவ இழை நாலு முழத்துக்கு ஒரு தரம் அறுந்துபோகுது. அவளுக்குப் போட்டோவாம்!"

"தம்பி வீட்டுக்கு நல்லது நடந்தா நமக்கும் சந்தோஷம்தானே."

"உங்களுக்குச் சந்தோஷம்னா நீங்களே போய் மாலை போடுங்க."

அதன்பிறகு துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய் நிற்பது அவள் வழக்கமாயிற்று. அந்தப் பக்கத்துப் புகைபோக்கியிலிருந்து ஊதுபத்திபோல மெல்லிய புகை. இந்தப் பக்கம் கரும்புகை குப்குப்பென்று கிளம்பி அவள் துவைத்த துணியின்மேலேயே படியும். தெருப் பெண்களிடம், "திருட்டு கரண்டு இழுத்துத் தண்ணி காய வைக்கிறா, பாருங்க" என்றாள். யாரும் நம்பவில்லை. அவளே நம்பவில்லை.

பக்ரீத் அன்று கறிக்கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, வாசல் வழியாகப் போகாமல், பட்டறை வழியாக ரைஹானா வீட்டுக்குள் நுழைந்தாள். குழாய் எங்கே வளைகிறது, தொட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே அளந்தாள். குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டாள்.

"என்ன ஆப்பா, கை செவந்திருக்கு?" என்றாள் ரைஹானா. மூத்தவளை அக்கா என்ற முறையில் ஆப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"மருதாணி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ரைஹானாவுக்குக் குழாய் போட்ட அதே வெல்டரைப் பிடித்து, அதைவிடப் பெரிய தொட்டி, அதைவிட நீளமான குழாய் போட்டாள். முதல் நாள் அடுப்பு மூட்டியதும் தெருவே இருமியது. முன்பைவிட அதிகப் புகை! மறுநாளும் அப்படியே. வெல்டரைத் திட்டினாள், கணவரைத் திட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்று குரலை அடக்கித் திட்டியதில் தொண்டை கட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் ரைஹானா மாடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். புகையில் அவள் கண்ணில் நீர் வழிந்தது.

"ஆப்பா, விறகு ஈரமா இருக்கா? நீங்க போட்ட நீளக் குழாய் சூட்டையெல்லாம் உறிஞ்சிடுது. ஈர விறகு போட்டா புகை மேல ஏறாது. நாங்க பாய்லருக்குப் பின்னாடி பரண் கட்டி, அந்தச் சூட்டுலயே விறகைக் காய வச்சுத்தான் எரிக்கிறோம்."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஜைபுன்னிஸா. "காயட்டும்னுதான் விட்டிருக்கேன்."

ரைஹானா கீழே இறங்கியதும், ஆளைக் கூப்பிட்டுப் பரண் கட்டச் சொன்னாள். வெல்டரை வரவழைத்துக் குழாயில் பாதியை வெட்டி எறிந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் அவள் புகைபோக்கியும் அடங்கியது. விறகு வண்டி வருவதும் குறைந்தது. ஆனால் கார் மட்டும் ரைஹானா வாசலிலேயே நின்றது. இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் அந்தக் கம்பெனி ஆளை ரைஹானாவே இங்கே அழைத்து வந்தாள்.

"இவங்க கேக்குற அளவுக்கு என்னால நூல் கொடுக்க முடியல ஆப்பா. இந்த ஆர்டரை நாம ரெண்டு பேரும் சேந்து எடுப்போம். என் நூல் அறுந்துபோகுதுன்னு தறிக்காரங்க திருப்பி அனுப்புறாங்க. புகையைக் குறைக்க எனக்குத் தெரியும். உங்க கை எனக்கு வரல. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து உங்க ராட்டையைப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சிருக்கேன். அந்த எரிச்சல்லதான் இந்தக் குழாய் வேலையில எறங்கினேன்."

ஜைபுன்னிஸா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் தன்னைப் பார்த்து ஒருத்தி பொருமியிருக்கிறாள் என்பதில் அவளுக்கு வந்த சந்தோஷம், ஆர்டரில்கூட வரவில்லை. கம்பெனிக்காரருக்கு இரண்டாவது முறையும் டீ கொடுத்தாள். ரைஹானாவுக்கு மலாய் போட்டு.

இப்போது இரண்டு பட்டறை நூலும் ஒரே கட்டாகப் போகிறது. கட்டின்மேல் ஒட்டுகிற சீட்டில் முதலில் ரைஹானா பெயர், பிறகுதான் இவள் பெயர். "வயசுல மூத்தவ பேரு பின்னாடியா?" என்று கேட்டுச் சண்டை போட்டுவிட்டாள். கம்பெனி மாற்றவில்லை.

போன வாரம் ரைஹானா கூரையில் சூரிய ஒளித் தகடு மாட்டினார்கள், ராட்டை மோட்டாரை ஓட்டுவதற்காம். மறுநாள் காலை மஹபூப் மாடிக்குப் போனபோது, ஜைபுன்னிஸா நூல்கயிற்றைப் பிடித்துத் தன் கூரையை அளந்துகொண்டிருந்தாள்.

"நம்மது அகலம்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.