பிக்கப்புக்குப் பிடித்த தோஷம்

எங்கள் பிக்கப்புக்கு என் கணவர் காட்டும் மரியாதையில் பாதியைக்கூட எனக்குக் காட்டியதில்லை. வாங்கிய அன்றே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, டாஷ்போர்டில் பிள்ளையார் படம் ஒட்டினார். படத்துக்கு முன்னால் செருப்புக் காலோடு இருக்கக் கூடாதென்று அன்றிலிருந்து வெறுங்காலோடுதான் வாகனம் ஓடுவார். நான் செருப்போடு ஓடுவேன். பிள்ளையார் இதுவரை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கப்பல்துறையில் எங்கள் வீட்டில் சோத்துப் பார்சல் கட்டி, துறைமுக வாசலுக்கு நானே பிக்கப்பில் கொண்டுபோய் விற்பேன். அதுதான் என் தொழில். இப்படியிருக்க, ஒருநாள் அவர் ஓடும்போது கண்டி றோட்டில் வாகனம் திடீரென்று சோர்ந்துபோனது. மஞ்சள் விளக்கு எரிந்தது. அக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துகொண்டே வந்தது. ஓரங்கட்டி, இறங்கி, பொனட்டைத் திறந்து முறைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினார். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அதன்பிறகு அடிக்கடி இதே கூத்து.

"செருப்போட ஓடாதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? இது தோஷம். இனி நீர் ஓட வேண்டாம்" என்றார். பிக்கப்பின் திறப்பு அவருடைய சட்டைப் பைக்குள் போய்விட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்சல்களை ஆட்டோவில் ஏற்றினால் பாதிக் குழம்பை ஆட்டோவே குடித்தது. பிந்திப் போனதால் வாடிக்கையாளர்கள் வேறு கடை பார்க்கத் தொடங்கினார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் என் தொழிலே படுத்துவிடும் என்று பயமாக இருந்தது.

கிண்ணியாவில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, அக்ஸிலரேட்டர் மிதியில் கோளாறு என்றார். இந்தக் காலத்து வாகனங்களில் எஞ்சினுக்கும் மிதிக்கும் நடுவே கேபிள் இல்லையாம். கால் எவ்வளவு அமர்த்துகிறது என்பதை வயர்தான் போய்ச் சொல்லுமாம். அந்த வயர் உளறினால் வாகனம் பயந்து ஊருமாம். ஆனால் மெக்கானிக் ஓடிப் பார்த்தபோது வயர் உளறவேயில்லை. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டித் தந்தார். திரும்பி வரும்போது, என் கணவர் ஓட, கிண்ணியாப் பாலத்திலேயே அது மறுபடி சோர்ந்தது.

மறுநாளும் போனோம். நான் மெக்கானிக்கிடம் சொன்னேன்:

"நானா, உங்கட கையில ஓடுது, என்ர கையிலயும் ஓடினது. இவர் ஓடினாத்தான் படுக்குது. இவர் இறங்கினோடன எழும்புது. இவரை இறக்காமல் ஒருக்காப் பாருங்கோ."

கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கேனரோடு முன் சீற்றில் ஏறினார். நான் பின்னால் இருந்தேன். பாலத்தில் ஏறியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. இவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, வழக்கம்போலக் குனிந்து கீழே கையை விட்டார்.

"அசைய வாணாம், அப்பிடியே இரிங்க" என்று மெக்கானிக் இறங்கிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, போன் டோர்ச்சை அடித்தார்.

கழற்றிய செருப்பு பிரேக்குக்குக் கீழே போய்விடக் கூடாதென்று இவர் அதை அக்ஸிலரேட்டருக்கு மேலே பக்கத்தில் செருகிவைப்பது வழக்கம். அந்தச் செருப்பின் குதி, வயர் வந்து பூட்டும் இடத்தை ஒரு பக்கமாக நெரித்துக்கொண்டிருந்தது. வாகனம் குலுங்கும்போது தொடுப்பு விட்டுப்போகும். இறங்கும்போது இவர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு போய்ப் பொனட்டைத் திறப்பார். குற்றவாளியும் கூடவே நடந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

மெக்கானிக் செருப்பை இழுத்தெடுத்து இவர் மடியில் வைத்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்துக் கனகாலம். இவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து கையை நீட்டினேன். திறப்பைக் கழற்றித் தந்தார்.

புது வயர்ச் செருகி போட்டாகிவிட்டது. பார்சல்கள் நேரத்துக்குப் போகின்றன. வேறு கடைக்குப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். வாகனத்துக்கு என்ன நடந்தது என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால் இவர், "வயரில சின்னப் பிழை" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"ஓம், வயர்தான்" என்பேன். திறப்பு என்னிடம் இருக்கும்வரை அப்படித்தான் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.