ஆவணிக்குத் தள்ளிப்போட்டது

மகள் பிறந்த பிறகு என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய்வீட்டில் இருந்தாள். மூன்றாம் மாதம் ராஜபாளையத்துக்கு அழைத்துவர வேண்டியது. ஆடி குறுக்கே வந்ததால் ஆவணிக்குத் தள்ளிப்போட்டோம். பச்சை உடம்புக்காரியை ஆடியில் அழைக்கக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். இந்தச் சம்பிரதாயமெல்லாம் சும்மா என்று வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் எல்லோருக்கும் பாடம் எடுப்பவன் நான். அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஆடி பிறந்த வாரமே அவள் போனில் சொன்னாள்.

“வந்து எங்களக் கூட்டிட்டுப் போயிருங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

“ஆடி முடியட்டும்” என்று சிரித்தேன். புருஷனைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று காலை, ஷிப்டில் இருந்தபோது மறுபடி கூப்பிட்டாள். மாமனாரும் மாமியாரும் தேர் பார்க்கப் போயிருந்தார்கள். அவள் அழவில்லை, பதறவில்லை.

“புள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டேன். நான் வாசல்ல நிக்கேன். கிட்ட இருந்தா அவள என்னமும் பண்ணிருவனோன்னு பயமா இருக்கு.”

பைக்கை எடுத்தேன். ஊருக்கு வெளியிலேயே போலீஸ் மறித்துவிட்டது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடினேன். இடிபட்டவர்கள் திட்டினார்கள், நானும் திட்டிக்கொண்டே ஓடினேன்.

தெருமுனைவரை குழந்தையின் அழுகை கேட்டது. வாசலை நெருங்கியபோது நின்றுவிட்டது.

மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். சாவி எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருந்தது.

“நான் தொறக்கப் போனாலும் விடமாட்டேங்கா. உங்க கையிலதான் குடுக்கணுமாம்” என்றார் அவர்.

சாவியை வாங்கிக் கதவைத் திறந்தேன். தரையில் விரித்த பாயில், சுற்றிலும் தலையணை அணைத்து வைத்து, மகள் கிடந்தாள். மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு வந்தது. அழுது களைத்துத் தூங்கியிருக்கிறாள். தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

“நான் அவள ஒண்ணும் பண்ணல” என்றாள்.

“தெரியும்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கே தெரியலயே.”

சற்று நேரத்தில் மாமியார் குங்குமத்தோடு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு என்றேன்.

“ஆடியிலயா மாப்ள?”

நான் அவரை முறைத்தேன். உள்ளே போய்க் குழந்தையின் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு கூட்டம் கலைந்ததும் கிடைத்த ஆட்டோவில் அவரும் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா குழந்தையைத் தொட்டுப் பார்த்து என்னிடமே கொடுத்துவிட்டு, நாற்காலியை மனைவியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிரசவத்துக்குப் பிறகு மனசுக்கும் இப்படிச் சுகமில்லாமல் போவது உண்டு, மருந்து இருக்கிறது என்றார்.

“நீ நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சும்மா?”

அவள் அவரையே பார்த்தாள். பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

“எல்லாரும் புள்ள தூங்குச்சான்னுதான் கேப்பாவ” என்றாள்.

தினமும் மூன்று வேளை போன் பேசியவன் நான். ஒரு நாள்கூட அவளைக் கேட்டதில்லை.