கொம்பியூட்டருக்கு ஒரு வெல்வெட் சட்டை

எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் வெறும் மேலோடு இருந்தது கிடையாது. பிரிட்ஜுக்கு ஒரு உறை, டீவிக்கு ஒரு உறை, அரைக்கும் மெஷினுக்கு ஒரு உறை, தண்ணீர்ப் போத்தலுக்குக்கூடக் கழுத்தில் குஞ்சம் வைத்த ஒரு குட்டி உறை. எல்லாம் மாமியின் கைவேலை. மாமி என்றால் வாப்பாவின் ராத்தா, மூத்த சகோதரி. கணவர் இறந்தபின் காத்தான்குடித் துணிக்கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் தனியாக இருந்தார். கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணியெல்லாம் எங்கள் வீட்டுச் சாமான்களுக்கு உடுப்பாகிவிடும். உடுத்தாத பொருள் ஒன்றைக் கண்டால் மாமிக்கு அன்றிரவு நித்திரை வராது என்று உம்மா சொல்வார்.

எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும்போது, கட்டாரில் வேலை செய்த வாப்பா லீவில் வந்தபோது ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்தார். தான் திரும்பிப் போனாலும் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்பதுதான் நோக்கம். வாப்பா விமானம் ஏறிய மறுநாளே மாமி அளவு நாடாவோடு வந்துவிட்டார். திரைக்கு மெல்லிய துணியில் ஒரு முக்காடு, கதைக்கும்போது தூக்கிவிடலாம். கீழே இருக்கும் பெட்டிக்குத்தான் பெரிய மரியாதை. குங்குமச் சிவப்பு வெல்வெட், உள்ளே இன்னொரு துணி, இரண்டுக்கும் நடுவில் பஞ்சு, விளிம்பெல்லாம் தங்கச் சரிகை. சுவிச்சை அமத்திப் போடவும் அணைக்கவும் முன்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். வயர்கள் போகப் பின்னால் ஒரு ஓட்டை. மற்ற இடமெல்லாம் நாடா போட்டு இறுக்கிக் கட்டு.

"தம்பி கஸ்டப்பட்டு வாங்கின சாமான். உப்புக் காத்துப் படாமக் கிடக்கட்டும்" என்றார் மாமி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கிற ஊரில் அது நியாயமான பேச்சுத்தான். யாரும் மறுக்கவில்லை.

சில வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு கூத்துத் தொடங்கியது. வாப்பாவின் முகம் தெரிந்து கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் ஒரு உறுமல் கேட்கும். உறுமல் கூடிக்கொண்டே போய், திடீரென்று எல்லாம் கறுத்துவிடும். வாப்பா பாதிச் சொல்லோடு காணாமல் போய்விடுவார். மட்டக்களப்பு ரவுனில் ஒரு கடைக்காரர், பெட்டியைத் திறக்காமலே, மதர்போட் போய்விட்டது, அதை மாற்றுகிற செலவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கலாம் என்றார். உம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

உம்மாவின் தம்பியான சின்ன மாமா அப்போதுதான் கொம்பியூட்டர் கோர்ஸ் ஒன்றை முடித்திருந்தார். சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. அதைப் பாவிக்க ஒரு சந்தர்ப்பம் வாய்க்காமல் தவித்துக்கொண்டிருந்தார். வெல்வெட்டைக் கழற்றி ஓரத்தில் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தும்பும் தூசியும், ஒரு மூலையில் பல்லி முட்டைகளும் இருந்தன. சைக்கிள் பம்பால் காற்றடித்து எல்லாவற்றையும் எங்கள் முகத்தில் ஏற்றினார். போட்டுப் பார்த்தால் உறுமலே இல்லை. பல்லிதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். உம்மா பெட்டிக்கு மறுபடி சட்டையை மாட்டி நாடாவைக் கட்டினார். அடுத்த நாள் வாப்பா மறுபடி பாதியில் போனார்.

இரண்டாம் முறை என் அழிரப்பரை வாங்கி உள்ளே இருந்த தகடுகளைத் தேய்த்தார். மூன்றாம் முறை, சூடேறும் இடத்தில் பூசுவதற்கென்று ஒரு பசை இருக்கிறதாம், அது கிடைக்காத இடத்தில் பற்பசையும் வேலை செய்யுமாம் என்று எங்கோ பார்த்துவிட்டு வந்து தாராளமாகப் பூசினார். அவர் பக்கத்தில் இருக்கும்வரை கொம்பியூட்டர், டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி நல்லபடியாக இருக்கும். அவர் படலையைத் தாண்டியதும் பழைய குணம். புதிதாக ஒரு மாற்றம் மட்டும் வந்தது: சூடேறும்போது வீடெல்லாம் பல் தீட்டின வாசம்.

அந்தப் பற்பசை வெல்வெட்டிலும் அப்பியிருந்தது. உம்மா உறையைத் தோய்த்துக் கொடியில் போட்டார். அன்று மாலை வாப்பா எடுத்த வீடியோ கோல் பாதியில் நிற்கவேயில்லை. "இண்டைக்கு என்ன, கறுக்கல்லியா?" என்று வாப்பாவே கேட்டார். உம்மா ஜன்னலால் கொடியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி கொடியைப் பார்த்தார். சான்றிதழ் இல்லாமலே உம்மாவுக்கு நோய் பிடிபட்டுவிட்டது. ஆனால் வாப்பாவிடமும் சொல்லவில்லை, சின்ன மாமாவிடமும் சொல்லவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டு, "மாமிக்கிட்ட ஒண்டும் செல்லப்படாது. அவட மனசு நோகும்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. மற்ற நாட்களில் பெட்டி வெறும் மேலோடு ஜாலியாக இருக்கும். வெள்ளிக்கிழமை வாப்பாவுக்கும் லீவு, மாமியும் நல்ல சாரி உடுத்து வருவார். அன்றைக்கு மட்டும் வெல்வெட் ஏறும். மாமிக்குத் தம்பியோடு அவசரமில்லாமல் கதைக்க வேண்டும். அதனால், "நீங்க எல்லாரும் கதைங்க, நான் ஆறுதலாக் கதைக்கன்" என்று கடைசிக்கு இருப்பார். நாங்கள் கதைத்து முடிக்க உறுமல் தொடங்கிவிடும். மாமி கதிரையில் வந்திருந்து, தன் முக்காட்டைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, "தம்பி" என்பார். எல்லாம் கறுத்துவிடும்.

உம்மா தன்னால் ஆனதெல்லாம் செய்தார். "மச்சி, நீங்க முதல்ல கதைங்க" என்று மாமியிடம் சொன்னார் ஒரு வெள்ளி. தன்னைச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறாள் என்று மாமியின் முகம் சுருங்கியது, கடைசிக்கே இருந்துவிட்டார். இன்னொரு வாரம், உறை தோய்க்கக் கிடக்கிறது என்று வியாழக்கிழமையே சொல்லிவைத்தார். வெள்ளிக்கிழமை மாமி மாற்றுக்கு இன்னொன்று தைத்துக்கொண்டு வந்தார். அது முந்தினதைவிடத் தடிப்பு.

மாமியின் பேச்சு மெல்லக் குறைந்தது. தேத்தண்ணி கொடுத்தால், குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்பார். அது உம்மாவுக்குப் பெரிய கவலையாக இருந்தது. நான்தான் ஒன்றும் கவனிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை மாலை மாமி ஒரு கோப்பையில் வட்டிலப்பம் கொண்டு, சொல்லாமல் வந்துவிட்டார். உம்மா திரைக்கு முன்னால் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். வெல்வெட் மடித்துக் கதிரையில் கிடந்தது. மாமி கோப்பையோடு வாசலிலேயே நின்றார்.

"எவ்வளவு நேரமாக் கதைக்கீங்க?"

உம்மாவுக்கு முன் நான் முந்திக்கொண்டேன். "மஃரிபுக்குப் புறகு தொடங்கினது மாமி." அப்போது இஷாவுக்குப் பாங்கு சொல்லும் நேரம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மாமி கோப்பையை மேசையில் வைத்தார். "நான் வந்தாத்தான் இதுக்கு நோவு வருமாக்கும். செல்லுகா, நான் தம்பியோட கதைக்கிறது விருப்பமில்லாட்டி முகத்துக்கு நேர செல்லு. ஏன் சுவிச்ச அமத்துறாய்?"

திரையிலிருந்து வாப்பா, "ராத்தா, என்ன ராத்தா?" என்று கத்தினார்.

"உம்மா அமத்தல்ல மாமி" என்றேன். "நீங்க தச்ச சட்டையப் போட்டா அதுக்கு அவியுது. கழட்டினா நல்லாக் கதைக்குது." உம்மா என்னைக் கிள்ளினார். நேரம் பிந்திவிட்டது.

மாமி என்னையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு வெல்வெட்டை எடுத்து, தன் கையாலேயே மாட்டி, ஒரு நாடா விடாமல் கட்டினார். கதிரையில் உட்கார்ந்து, "நீ கதைச்சிக்கிட்டு இரி தம்பி" என்றார்.

"என்னத்தக் கதைக்கிற ராத்தா?"

"என்னத்தையாவது கதை."

வாப்பா பாவம், அங்குள்ள மீன் விலையைச் சொன்னார். அறையில் கூட இருப்பவரின் குறட்டையைப் பற்றிச் சொன்னார். நாங்கள் மூவரும் மூச்சு விடாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். உறுமல் எழும்பியது. பற்பசை வாசம் வந்தது. "ஏன் ஒருத்தரும் ஒண்டும்" என்று வாப்பா தொடங்கினார். கறுத்துவிட்டது.

மாமி வெல்வெட்டின் மேல் கையை வைத்தார். சுட்டிருக்க வேண்டும், எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "அல்லாஹ்வே, இவ்வளவு நாளும் நான்தான் அமத்தியிரிக்கன்" என்று சொல்லிச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். உம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அடி விழுமா, வட்டிலப்பம் கிடைக்குமா என்பதே தெரியவில்லை.

பெட்டி ஆறியதும் மாமி கதைத்தார். ஒழுங்கையில் நடந்த கலியாணம், தேங்காய் விலை, தையல் மெஷினின் கால், எல்லாம். ஒரு கட்டத்தில் வாப்பா உட்கார்ந்தபடியே நித்திரையாகிவிட்டார், மாமி நிறுத்தவில்லை. மறுநாள் சின்ன மாமா வந்து, "நான் அப்பவே நினைச்சன், காத்தோட்டம்தான்" என்றார். இரண்டு வெல்வெட்டையும் மாமி பிரித்து, சோற்றுப் பானைக்கும் தேத்தண்ணிக் கேத்தலுக்கும் தைத்துவிட்டார். மத்தியானச் சோறு இரவிலும் ஆவி பறக்கும்.

பிழை தன்னுடையது என்று தெரிந்த ஒருவர் ஏன் அப்படிச் சந்தோஷப்பட்டார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. கொம்பியூட்டர் பிழைத்துக்கொண்டதற்காகச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். இப்போதுதான் விளங்குகிறது: தம்பியின் வீட்டில் தன்னை யாருக்கும் வேண்டாம் என்று நம்பிக்கொண்டே, மாமி ஒவ்வொரு வெள்ளியும் நல்ல சாரி உடுத்து வந்து அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார்.