கஞ்சி கலந்த சுண்ணாம்பு

கருப்பையாவை நான்தான் கொன்றேன். ஒரு வாளி சுண்ணாம்பையும் ஒரு பொய்யையும் வைத்துக் கொன்றேன்.

பன்னிரண்டு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. சனிக்கிழமைதோறும் மாதாகோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்ததைச் சொல்லியிருக்கிறேன். திருட்டுச் சாராயம் குடித்ததைச் சொல்லியிருக்கிறேன். சாமியாரும் நாலு ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். இது மட்டும்... தொண்டைவரை வரும், விழுங்கிவிடுவேன். உங்களிடம் சொல்வதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் என்னை எண்ணூரில் எங்கேயும் பார்க்கப் போவதில்லை.

என் பெயர் சவரிமுத்து. கழிமுகத்தை ஒட்டிய மீனவர் குப்பம் எங்களுடையது. அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போனார்கள். நான் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனேன். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றுவதும், அந்தச் சுண்ணாம்பைக் கொண்டுபோய் ஊர்ச் சுவர்களுக்கு வெள்ளை அடிப்பதும் என் பிழைப்பு.

அந்த வருஷத்துப் புயலில் குப்பத்தில் ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. கோயில் பள்ளிக்கூடத்தின் ஈரத் தரையில் மூன்று மாதம் கிடந்தோம். என் சின்ன மகள் இருமி இருமி ரத்தம் துப்பினாள். இதை நியாயமாகச் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை... அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வீடு கட்ட இரண்டே இடங்கள் இருந்தன. ஒன்று மணல்மேடு, புயலிலும் அங்கே தண்ணீர் ஏறவில்லை. மற்றது பழைய உப்புக் கிடங்கு இருந்த பள்ளம். அங்கே நெஞ்சளவு நின்றது. மேடு எங்களுக்குத்தான் என்று நாங்கள் மனதுக்குள் வீடே கட்டி முடித்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் பட்டணத்துத் துறைமுகத்தில் பர்மாக் கப்பல்கள் வந்து நின்றன. இருந்ததையெல்லாம் அங்கே பறிகொடுத்துவிட்டு, தகரப் பெட்டியும் கைக்குழந்தையுமாக இறங்கிய தமிழர்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் மேட்டைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப்பாதியாகக் கொடுப்பது என்று சர்க்காரில் முடிவாயிற்று.

எங்கள் ஊர்த் தலைவரை நாட்டார் என்போம். அவர் துண்டை உதறிக்கொண்டு குதித்தார். "இன்னாடா நாயம் இது? பொயல்ல வூடு வாச பூட்டவன் நாமோ. கப்பல்ல வந்தவனுக்கு மேடா? நம்ம புள்ளைங்க பள்ளத்துல கெடந்து சாவணுமா?"

நிலம் ஒதுக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். பள்ளத்தில் வெள்ளம் நிற்காது என்றால் அகதிகளுக்கு அதையே கொடுத்துவிடலாம், மேடு முழுவதும் உங்களுக்கே என்றார். ஆனால் இடத்தை நேரில் பார்க்க வேண்டும், புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளத்திலிருந்த பனைகளைப் புயல் தூக்கிக்கொண்டு போயிருந்தது. சாட்சி சொல்ல மிஞ்சியது கிடங்கின் ஒற்றைச் சுவர். அதில் நெஞ்சு உயரத்தில் வெள்ளம் நின்ற பழுப்புக் கோடு, யாரோ கயிறு பிடித்து வரைந்ததுபோல ஓடியது.

கேளுங்கள்... நாட்டார் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானேதான் சொன்னேன். "வெள்ள அடிச்சிட்டா முடிஞ்சிது நாட்டாரே. கோடாவது ஒண்ணாவது!"

உப்பு அரித்த சுவரில் வெறும் சுண்ணாம்பு நிற்காது. நாலே நாளில் உதிர்ந்துவிடும். கஞ்சி கலந்தால் பிடித்துக்கொள்ளும். கஞ்சிக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்து முற்றத்தில் நிவாரணக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது! பசித்தவர்களுக்குக் காய்ச்சிய கஞ்சியில் ஒரு வாளி மொண்டு வந்து கலக்கினேன். கொஞ்சம் நீலமும் சேர்த்தேன். இரண்டு பூச்சு. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு சுவருக்கு நான் வெள்ளை அடித்ததில்லை.

புதன்கிழமை அதிகாரி வந்தார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வருகிறவர்களை வரவேற்க வெள்ளையெல்லாம் அடித்திருக்கிறீர்களே!" என்றார். பிறகு, தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்டார்.

"கணுக்கால் அளவுங்க ஐயா" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை!

பள்ளத்துக்கு வந்த குடும்பங்களில் கருப்பையாவின் குடும்பமும் ஒன்று. ரங்கூனில் மர ஆலையில் வேலை பார்த்தவன். மனைவி ராக்கம்மா. மகள் செல்வி அப்போது கைக்குழந்தை. அந்தச் சுவர் காற்றுக்குத் தடுப்பாக இருக்கும் என்று அதை ஒட்டியே குடிசை போட்டார்கள். மூங்கில் ஊன்ற நானும் கை கொடுத்தேன். எவ்வளவு பெரிய மனது எனக்கு, பாருங்கள்!

ராக்கம்மா ஒரு நாள் என்னை நேராகக் கேட்டாள். "அண்ணே, நீங்க இந்த ஊர்க்காரவுக. மழை காலத்துல இங்கிட்டுத் தண்ணி வருமாண்ணே?"

"வராது தங்கச்சி. பயப்படாத இரு."

அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். ஆடியில், ஆவணியில், புரட்டாசியில்... எத்தனை நாட்கள் இருந்தன! மேட்டில் என் வீட்டுக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தேன். என் மகளுக்கு இருமல் நின்றிருந்தது.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. கழிமுகத்தின் வாயை மணல் அடைத்திருந்தது. கடலுக்குப் போக வழியில்லாத தண்ணீர் விடியற்காலையில் பள்ளத்துக்குள் திரும்பியது. மேட்டிலிருந்து பார்த்தேன். ஓடிப்போய் அண்ணனின் கட்டுமரத்தைத் தள்ளினேன். ராக்கம்மாவையும் குழந்தையையும் ஏற்றினேன். கருப்பையாவும் ஏறிவிட்டான். ஏறியவன், "பெட்டி... பெட்டி!" என்று மறுபடி குதித்தான்.

அந்தத் தகரப் பெட்டியில் இருந்தவை கப்பலில் வந்ததற்கான காகிதங்கள். அவை இல்லாவிட்டால் இந்த ஊரில் அவர்கள் யாருமே இல்லை. குடிசை அவன்மேல் சரிந்தது. இரண்டு நாள் கழித்து அவன் உடலைத் தாழம்புதரில் கண்டெடுத்தோம்.

எனக்கு மாலை போட்டார்கள்! இரண்டு உயிரைக் காப்பாற்றியவன் என்று கோயிலில் எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். நான் நின்றேன். கழுத்தில் மாலையோடு நின்றேன்...

வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், சுண்ணாம்பு பாளம் பாளமாக உதிர்ந்து கிடந்தது. புதுக் கோட்டோடு பழைய கோடும் பல்லைக் காட்டியது. என்ன செய்தேன் தெரியுமா? மறுவாரமே மறுபடியும் பூசினேன்! கருப்பையாவின் எட்டாம் நாள் காரியம்கூட முடியவில்லை.

அந்த மக்களுக்கு மாற்று இடம் தருவதாகச் சொன்னார்கள். தரவில்லை. இன்னும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறார்கள். ஐப்பசி பிறந்தால் பெட்டி படுக்கையைப் பரணில் ஏற்றுகிறார்கள். ராக்கம்மா டோல்கேட் பக்கம் பர்மாச் சாப்பாடு விற்று மகளை வளர்த்தாள்.

போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செல்வி வயதுக்கு வந்துவிட்டாளாம். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும். பெண்ணை அதில்தான் உட்கார வைப்பார்கள். "நீங்கதாண்ணே வந்து கட்டணும்" என்றாள்.

"நான் வேதக்காரன்மா. உங்க சாங்கியத்துக்கு ஒத்துக்குமா?" என்று நழுவப் பார்த்தேன். அவள் அசையவில்லை. கடைசியில் வாயைத் திறந்தேன்.

"தங்கச்சி... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சொவுரு..."

"தெரியும்ணே" என்றாள்.

நிதானமாகத்தான் சொன்னாள். "அவுகளத் தூக்கிட்டு வந்த அன்னிக்கே பாத்தேன். ஒரு வெள்ளத்துக்கு ரெண்டு கோடு எப்புடி வரும்? அப்பறம் நீங்க திரும்ப வந்து வெள்ளை அடிச்சீக. அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்போ ஏம்மா இத்தினி வருசமா..."

"எம் புள்ளைக்கு மாமன்னு சொல்ல இந்த ஊர்ல வேற யாருண்ணே இருக்கா?"

மன்னித்தாளா? இல்லை. அவள் கண்ணில் அப்படி ஒன்றும் இல்லை. என்னைத் திட்டியிருந்தாலாவது அழுதிருப்பேன். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

நேற்று பச்சைத் தென்னை ஓலைகளைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளத்துக்குப் போனேன். அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. செல்வி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "மாமா வந்தாச்சு!" என்றாள். எந்த இடத்தில் கட்டட்டும் என்று ராக்கம்மாவைக் கேட்டேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மேடான இடமாப் பாத்துக் கட்டுங்கண்ணே."

ஓலைகளைச் சுமந்தபடி அந்தப் பள்ளம் முழுவதும் சுற்றி வந்தேன். இரண்டு முறை சுற்றினேன். சுற்றி முடித்துவிட்டு, அந்தச் சுவரோரத்திலேயே மூங்கிலை ஊன்றினேன்.