கிராமும் பல் டாக்டரும் சுற்றாத இரண்டு சக்கரங்களும்

டயர் கடையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் ‘கிராம்’ தான். முதலாளிக்கு வெறும் கிராம்; வாடிக்கையாளர்களுக்குக் கிராம் சார். காரிலிருந்து கழற்றிய சக்கரத்தை, எல்லாப் பக்கமும் எடை சமமா என்று பார்க்கும் பேலன்சிங் மெஷினில் மாட்டியதும், சுவிட்சைப் போடும் முன்பே ஒரு விரலால் லேசாகச் சுண்டிவிடுவார். “இருபத்தஞ்சு கிராம் குறையுது. வால்வுக்கு நேர் எதிர்ல” என்பார். மெஷின் ஊய் ஊய் என்று சுற்றி, மூச்சு வாங்கி, கடைசியில் அதையேதான் சொல்லும். அவர் அந்த இடத்தில் ஈயத்துண்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டி மாட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை.

ஒரு நாள், உள்பக்கமெல்லாம் சேறு அப்பிய சக்கரம் ஒன்று வந்தது. மெஷினில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தார். யாரும் தொடாமலே அது மெல்ல உருண்டு, கனமான பக்கத்தைக் கீழே கொண்டுவந்து, இப்படியும் அப்படியும் ஆடி நின்றது. இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அன்றைக்கு மட்டும் ஏனோ மண்டைக்குள் ஒரு சந்தேகம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கனம் கீழே வந்து சேர்ந்ததால்தானே நின்றது? சேரவே விடாமல் பண்ணினால்?

அவ்வளவுதான். சக்கரங்களின் ஏறுமாறைச் சரிசெய்தே வயிறு வளர்த்தவர், எந்நாளும் சரியாகாத சக்கரம் ஒன்றைச் செய்யும் முடிவோடு வீட்டுக்குப் போனார்.

அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் வேலை. எவ்வளவு கோபத்தோடு வருகிறவரையும் நாற்காலியில் உட்காரவைக்கிற குரல் அவருக்கு.

“கரன்ட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். ஒரு தடவை தள்ளிவிட்டா போதும். அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்” என்றார் கிராம்.

“எங்க ஓடும்?”

“எங்கயும் ஓடாது. நின்ன இடத்துலயே சுத்தும்.”

“எதுக்குங்க?”

கிராம் காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். மனைவி அதைப் பார்த்துவிட்டு, “உங்க விவரத்தைக் குறிச்சுக்கிட்டேன். உட்காருங்க, கூப்பிடறோம்” என்று ஆஸ்பத்திரிக் குரலில் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

விருந்தாளி அறையில் சக்கரம் எழுந்தது. ஆள் உயர பிளைவுட் வட்டம். விளிம்பைச் சுற்றிக் கீல் வைத்த பதினாறு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் பழைய டயர்களிலிருந்து பிடுங்கிச் சேர்த்த ஈயம். வலதுபக்கம் இறங்கும் கைகள் படபடவென்று விரிந்து எட்டப் போகும்; இடதுபக்கம் ஏறும் கைகள் மடங்கி உள்ளே ஒண்டிக்கொள்ளும். எட்ட இருக்கும் ஈயத்துக்குத்தான் இழுப்பு அதிகம் என்பதால், சக்கரம் காலாகாலத்துக்கும் வலதுபக்கமே இறங்க வேண்டும். கணக்கு அப்படித்தான் சொன்னது.

முதல் தள்ளலில் ஏழு சுற்று சுற்றியது. எட்டாவது சுற்றின் பாதியில், யோசித்துப் பார்த்து மனம் மாறியதுபோல் திரும்பி வந்து நின்றது.

கிராம் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். எட்டரை சுற்று. பேரிங்கை மாற்றினார். பன்னிரண்டு. தெம்பாகிவிட்டார். இன்னும் பதினாறு கைகளைச் சேர்த்தார். ஆறு. அப்புறம் அவர் சொல்லாத சாக்கு இல்லை. ஜன்னல் காற்று என்றார், தரை சாய்வு என்றார், மனைவி அழுத்தி நடக்கிறார் என்றுகூடச் சொல்லிப் பார்த்து, கிடைத்த பார்வையில் வாபஸ் வாங்கினார். சேர்த்த பதினாறையும் பிடுங்கினார். நாலு நாள் தங்க வந்த மைத்துனர், மதியத் தூக்கத்தில் ஒரு கை கழன்று தலையணையோரம் விழுந்ததும், அவசர வேலை ஞாபகம் வந்து அன்றே கிளம்பிவிட்டார். இப்படியே எட்டு மாதம் ஓடியது. சக்கரம்தான் ஓடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் கடைக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மாள், கறாரான பேச்சு. வண்டியின் ஸ்டியரிங் உதறுகிறது என்று வந்தவர், சுவரில் கிராம் ஒட்டிவைத்திருந்த பென்சில் படத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

“இது யார் வரைஞ்சது?”

கிராம் பக்கவாட்டில் நகர்ந்து முதுகால் படத்தை மறைத்தார். “அது... புது மாடல் டயர் மேடம்.”

“டயருக்கு எதுக்குப் பதினாறு கை?”

அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். வெளியே சொல்லக் கூசும் வியாதியைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி, “என்கிட்டயும் ஒண்ணு இருக்கு” என்றார்.

கிராமுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த நொடியே சுவரிலிருந்து படத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். நம் யோசனையை அடித்துக்கொண்டு போய்விட்டால்? டாக்டரும் அதே கவலையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓடாத சக்கரத்தை ஒருவர் திருடிவிடுவார் என்று இன்னொருவர் பயந்து, ஒப்பந்தம் முடியவே இரண்டு வாரமாயிற்று. ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்ப்பது. படம் பிடிக்கக் கூடாது. பென்சில் கொண்டுவரக் கூடாது.

முதலில் கிராமின் வீடு. டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார்.

“வலதுபக்கம் தள்ளி நிக்கிற கை எத்தனை?”

“அஞ்சு.”

“இந்தப் பக்கம் மடங்கிக் கிடக்கிறது?”

கிராம் எண்ணினார். “பதினொண்ணு.”

“அஞ்சு பேர் தூரத்துல நின்னு இழுக்கறாங்க. பதினொரு பேர் கிட்ட நின்னு எதிர்ப்பக்கம் இழுக்கறாங்க. அதுக்கு இது சரியாப் போச்சு. எப்படி சார் சுத்தும்?” இந்தப் பல் தேறாது, எடுத்துவிடலாம் என்று சொல்லும் அதே தொனி.

கிராம் அடுத்த சக்கரத்தைப் பார்க்கச் சட்டையை மாட்டிக்கொண்டார். மனைவியும் கூடக் கிளம்பினார். இதற்குமேல் தனியாக அனுப்புவது நல்லதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

டாக்டரின் சக்கரம் அவருடைய பல் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த அறையில் நின்றது. பன்னிரண்டு வளைந்த கண்ணாடிக் குழாய்கள், இரண்டு முனையும் அடைத்து, உள்ளே பாதரசம். பழைய காலத்தில் பல் அடைக்க வாங்கியதன் மிச்சம். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அது வெள்ளியாக வழுக்கி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியது. அவ்வளவு அழகாக ஒன்றைக் கிராம் பார்த்ததே இல்லை. ஒரு விரலால் சுண்டினார். விரல் உடனே சொல்லிவிட்டது.

“டாக்டர், வெளிமுனைக்கு வந்த பாதரசம் நாலு குழாய்லதான். உள்ளே தங்கினது எட்டு. எட்டும் ஒரே பக்கம். எப்படிங்க சுத்தும்?”

டாக்டரின் முகம் சிவந்தது. “அது வேற. உங்களுது கட்டை, என்னுது திரவம்.”

“கனம் கனம்தானே?”

“பொறுங்க,” என்றார் கிராமின் மனைவி. “ரெண்டு பேரும் ஒரே குறையைத்தானே மாத்தி மாத்திச் சொல்றீங்க?”

“இல்லை!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில் மட்டும்தான்.

அதோடு பேச்சு அறுந்தது. கிராம் தினமும் கடையிலிருந்து வந்து கைகளை எண்ணினார். ஐந்து, பதினொன்று. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினார். ஆறு, பத்து, ஆனால் ஆறில் ஒன்று பாதிதான் விரிந்திருந்தது. விருந்தாளிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சக்கரம் நின்றதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. எட்டு மாதம் தன் கண்ணில் படாதது, அந்த அம்மாள் கண்ணில் ஒரு காபி ஆறும் நேரத்துக்குள் பட்டுவிட்டதே! இனி அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

ஒரு மாதம் கழித்துக் கிராமுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்து, கன்னம் பந்தாக வீங்கிவிட்டது. மனைவி வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பல் மருத்துவர் விடுப்பில் இருந்தார். மனைவியே பல் டாக்டருக்குப் போன் போட்டு, “பத்தரை மணிக்கு ஒரு நோயாளி வர்றார்” என்று பெயரை மட்டும் சொல்லாமல் பதிவு செய்தார்.

நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து, பாதி முகம் வீங்கிக் கிடந்தவரைக் கண்டதும் டாக்டருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

“நல்ல நேரத்துல வந்தீங்க கிராம் சார். புதுசா ஒண்ணு யோசிச்சிருக்கேன். உங்க கையையும் என் பாதரசத்தையும் ஒரே சக்கரத்துல சேர்த்துட்டா? ஒண்ணோட குறையை இன்னொண்ணு ஈடுகட்டிடும்.”

“ஆ... ஆ...” என்றார் கிராம்.

“வலிக்குதா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“அப்ப யோசனை பிடிச்சிருக்கா?”

இன்னும் வேகமாகத் தலையாட்டினார்.

“ஆடாதீங்க, ஊசி குத்திடும்” என்று தலையைப் பிடித்து அழுத்திக்கொண்டு, குழாய் எங்கே, கீல் எங்கே, எந்தக் கை எப்போது விரியும் என்று பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை விளக்கினார். கிராமின் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. வாய் நிறையப் பஞ்சோடு எழுந்தவர், நேராக மேஜைக்குப் போய் மருந்துச் சீட்டைப் பிடுங்கி எழுதினார்: ‘மடங்கின கையோட பாதரசத்தையும் சேர்த்து மேலே தூக்கறது யாரு?’

டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். அப்புறமும் தட்டினார்.

“அட, ஆமா” என்றார் டாக்டர்.

அதன்பின் ஞாயிறுதோறும் இருவரும் உட்கார்ந்தார்கள். இவர் படத்தை அவர் பார்ப்பார், அவர் படத்தை இவர் பார்ப்பார். மற்றவர் சரியென்று சொல்லாமல் யாரும் மரமோ குழாயோ வாங்கக் கூடாது என்பது விதி. பதினோரு வருஷத்தில் ஒரு படமும் தேறவில்லை. பாதரசத்தை உரியவர்களிடம் ஒப்படைத்தாயிற்று. விருந்தாளி அறையும் காலியாயிற்று. மைத்துனர் வந்து பத்துப் பத்து நாள் தங்க ஆரம்பித்ததும், “இதுக்குச் சக்கரமே தேவலை” என்றார் மனைவி, சொந்தத் தம்பி என்றும் பார்க்காமல்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் புதிதாக ஒரு படத்தை நீட்டினார். சாய்வான தடங்களில் உருளும் குண்டுகள். கிராம் மத்தியானம் பூராவும் பார்த்தார். குறை தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை. ஓடிவிட்டால் அடுத்த ஞாயிறு எதைப் பார்ப்பது என்ற கவலையில் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கிராம் படத்தை வீட்டுக்கு எடுத்துவந்தார். திங்கள், செவ்வாய், புதன். சாப்பாடு இறங்கவில்லை. வியாழன் காலை ஒரு காருக்கு மூன்று சக்கரத்தை மட்டும் மாட்டிவிட்டு, ஜாக்கியை இறக்காமல் சாவியை நீட்டினார். முதலாளி தலையில் கை வைத்தார். அந்தக் கணத்தில்தான் கிராமுக்கு உறைத்தது. கிரீஸ் கையோடு போனுக்கு ஓடினார்.

“டாக்டர், கண்டுபிடிச்சுட்டேன்!”

“ஓடுமா?” என்று டாக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஓடாது! குண்டு அடுத்த தடத்துக்குத் தாவற இடத்துல, சக்கரம்தான் அதை ஒரு விரல்கடை மேலே தூக்குது.”

“அப்பாடா” என்றார் டாக்டர். “இருங்க, வாயில பஞ்சோட ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார். ஞாயித்துக்கிழமை வாங்க.”