உப்பு மேட்டின் அந்தப் பக்கம்

என் தம்பி மகளை வீட்டில் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவள் வளர்ந்த வேகத்துக்கு வாசல் நிலையை இரண்டு முறை பெயர்த்து உயர்த்தினோம். சரி, உயர்த்தவில்லை, அவள் குனிந்து வரக் கற்றுக்கொண்டாள். வேறு எதற்காகவும் அவள் குனிந்ததாக எனக்கு நினைவில்லை.

கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, தம்பி குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே கீழே வைத்தான்.

"அதுல என்ன வேலை கிடைக்கும்? ஆசிட் ஊத்துற வேலையா?"

"ஊத்துறதுக்கு ஆள் இருக்காங்கப்பா. எவ்வளவு ஊத்தணும், எப்ப நிறுத்தணும், ஊத்தினா வெடிக்குமான்னு பாக்குறதுதான் என் வேலை."

"வெடிச்சா?"

"அப்பவும் என் வேலைதான்."

படித்து முடித்தாள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இவள், பாத்திரம் கழுவும் திரவம் தயாரிக்கும் தொழிற்சாலையில் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்தாள். ஓராண்டுப் பயிற்சி. பயிற்சிக்கு வந்தவர்கள் இருவர். முடிவில் உற்பத்திப் பிரிவில் இருக்கும் நாற்காலி ஒன்று. நாற்காலி என்பது பேச்சுக்குத்தான். அந்த வேலையில் உட்கார்ந்தவர்களை யாரும் பார்த்ததில்லை.

என் தம்பி சும்மா இருப்பானா? தன் நண்பனின் சாப்ட்வேர் அலுவலகத்தில் அவளுக்காக ஓர் இடம் பிடித்து வைத்தான். திங்கட்கிழமை சேர வேண்டும். சனிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலை மேலாளரும் அதே சனிக்கிழமைதான் நாற்காலி யாருக்கு என்று சொல்வதாக இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் நெட்டை ஒரு தொட்டி திரவத்தைத் தண்ணீராக்கினாள்.

விஷயம் இதுதான். நுரை தரும் மூலச்சோப்பு, தண்ணீர், நிறம், வாசனை எல்லாம் கலந்தபின் திரவம் நீர்த்துத்தான் இருக்கும். கடைசியில் உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தேன்போலக் கெட்டிப்படும். அன்று வந்திருந்த மூலச்சோப்பு புதுச் சரக்கு. அதிலேயே உப்பு கூடுதலாக இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்காமல் வழக்கமான அளவை விட்டாள். திரவம் இளகியது. இளகியதைப் பார்த்ததும் பதற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பை விட்டாள். இன்னும் இளகியது. கிளறும் துடுப்பைத் தூக்கிப் பார்த்தால், குழாயைத் திறந்துவிட்டதுபோல் ஒழுகியது.

தொட்டியை ஓட்டும் ஆபரேட்டருக்கு மீசை என்று பெயர். அந்த மீசையில் ஒரு முனை தொட்டிக்குள் போய்வந்தால் கலக்கும் இயந்திரமே தேவையில்லை என்பார்கள். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன இன்ஜினியரம்மா, சோப்பு கேட்டா ரசமா வச்சிருக்கீங்க?"

"உப்பு ஜாஸ்தியாயிடுச்சுண்ணே."

"ஜாஸ்தியானா கெட்டியால்ல ஆகணும்?"

"ஒரு அளவு வரைக்கும்தான். அது ஒரு மேடு மாதிரி. உச்சி வரைக்கும் ஏறும், தாண்டினா அந்தப் பக்கம் சறுக்கும். நான் தாண்டிட்டேன்."

மேலாளர் வந்தார். நல்ல மனிதர்; ஆனால் அவர் சிரித்ததைக் கண்டவர்கள் வேலையில் இல்லை, ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

"ரெண்டாவது தடவை உப்பு விட்டது யாரு?"

"கரைசல் பம்ப் கொஞ்சம் தகராறு சார்," என்று மீசை இழுத்தார்.

"பம்ப்ல ஒண்ணுமில்ல," என்றாள் நெட்டை. "நான்தான் விட்டேன்."

அவளோடு பயிற்சிக்கு வந்த இளைஞன், சட்டை கசங்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "வடிகால்ல விட்டுட்டுப் புதுசா ஆரம்பிச்சிடலாம் சார்," என்றான்.

வடிகாலாம். முன்பு ஒருமுறை அப்படி விட்டு, நுரை பொங்கி, மதில் ஏறி, சாலைக்குப் போய்ப் பேருந்தில் ஏறியதாகவும், நடத்துநர் அதனிடம் டிக்கெட் கேட்டதாகவும் அங்கே பேச்சு உண்டு. டிக்கெட் பகுதியை நான் சேர்த்தேன். கழிவுநீர்ப் பிரிவுக்காரர் அன்றிலிருந்து வடிகால் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைப் பூட்டிக்கொள்வார்.

"விட வேண்டாம் சார். தண்ணி ஊத்தினா சரியாயிடும்," என்றாள் நெட்டை.

மீசை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணியாப் போனதுக்குத் தண்ணி ஊத்துறதா? நல்லா இருக்கே கதை."

அவள் ஒரு வாளியில் தொட்டித் திரவத்தை மொண்டாள். அதில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் உப்பில்லாத மூலச்சோப்பும் விட்டு, துடுப்பால் மெதுவாகக் கிளறினாள். ஒன்றும் ஆகவில்லை. இளைஞன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள் இன்னும் கொஞ்சம் விட்டுக் கிளறினாள். கிளறக் கிளறத் துடுப்பு கனத்தது. தூக்கினாள். திரவம் நாடாபோல் மடிந்து மடிந்து விழுந்தது.

இதை ஒரு கதையாக நானே அவிழ்த்துவிட்டிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். மீசை தன் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

"வாளி சரி," என்றார் மேலாளர். "தொட்டி விளிம்பு வரைக்கும் நிக்குது. தண்ணியை எங்க ஊத்துவ?"

"பாதியைப் பக்கத்துத் தொட்டிக்கு மாத்தணும் சார். ரெண்டுலயும் தனித்தனியா சரி பண்ணணும்."

"சரியா வரலைன்னா ஒண்ணுக்கு ரெண்டு தொட்டி கெடும்."

"தெரியும் சார்."

"பண்ணு," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஷிப்ட் முடிந்ததும் இளைஞன் கிளம்பினான். மீசை கிளம்பவில்லை, இந்தக் கூத்தைப் பார்க்காமல் போனால் தூக்கம் வராது என்றார். பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய, அவள் விடுவதும் கிளறுவதும் சோதிப்பதுமாக இருந்தாள். அவசரப்பட்டால் மேட்டின் இந்தப் பக்கமும் சறுக்கிவிடும்.

அப்போதுதான் என் தம்பி போன் செய்தான்.

"என்னம்மா, திங்கட்கிழமை வரேன்னு சொல்லிடட்டுமா? அவன் கேட்டுட்டே இருக்கான்."

"வரலைன்னு சொல்லிடுங்கப்பா."

"அங்க உறுதியாயிடுச்சா?"

"இல்ல. காலைல ஒரு தொட்டியைக் கெடுத்துட்டேன். அனேகமா கிடைக்காது."

"அப்புறம் எந்த தைரியத்துல வேண்டாங்குற?"

"இங்க இல்லைன்னா பெயின்ட் கம்பெனி. இல்லைன்னா மருந்து, பால் பவுடர், தண்ணி சுத்திகரிப்பு. பெரிய தொட்டி எங்கல்லாம் இருக்கோ அங்கல்லாம் போய்க் கதவைத் தட்டுவேன். இப்ப வால்வை மூடணும், வச்சிடுறேன்."

இரண்டாம் தொட்டியும் கெட்டிப்பட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. மேலாளர் வந்தார். அடியில் துளையுள்ள கிண்ணத்தில் திரவத்தை நிரப்பி, அது வடியும் நேரத்தைத் தானே அளந்தார். இரண்டு தொட்டியிலும் அளந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தப்பு மறுபடி நடக்குமா?"

"இது நடக்காது சார். வேற ஏதாவது நடக்கும்."

மீசை தலையில் கை வைத்துக்கொண்டார். மேலாளர் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார்.

"அது நடக்கும்போது பக்கத்துல நீ இருக்கணும். திங்கட்கிழமை காலை ஷிப்ட்."

வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது தம்பிக்குச் சந்தோஷமும் கோபமும் ஒரே நேரத்தில் வந்து, எதை முதலில் காட்டுவது என்று திண்டாடினான்.

"சரிம்மா, கிடைச்சுது. ஆனா இந்த சோப்புத் தண்ணி வேலை எத்தனை நாளைக்கு ஓடும்?"

"ஜனங்க சாப்பிட்டுப் பாத்திரம் அழுக்காகுற வரைக்கும் ஓடும்பா."

அன்றிரவு அவன் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான் என்று அவன் மனைவி சொன்னாள். இவ்வளவும் சொன்ன நான், அதை மட்டும் நம்பவில்லை.