மேலதிகாரிகளுக்கு ஒரு தனி வழி

அக்கா பள்ளிச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அதே மேசையின் மறுமுனையில் தம்பி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். அவள் நூல்கண்டுகளுக்கும் அவன் வயர்களுக்கும் நடுவே தையல் சாக்பீஸால் ஒரு எல்லைக்கோடு. தாண்டினால் சண்டை.

பேருந்து டிக்கெட் விற்கும் இணையதளத்தில் அவனுக்கு வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. விடுமுறை டிக்கெட் விற்பனை அன்று காலைதான் தொடங்குகிறது. போன விடுமுறைக்குத் தளம் படுத்துவிட்டது. இந்த முறையும் படுத்தால் அவனும் வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

"படுக்காதுல்ல?" என்றாள் அக்கா.

"படுக்காதுக்கா. முன்னாடி எல்லாரும் ஒரே சர்வர் மேல போய் விழுந்தாங்க. இப்ப மூணு இருக்கு. வாசல்ல லோட் பேலன்சர் வெச்சிருக்கேன். வர்றவங்களை, எது சும்மா இருக்கோ அதுக்குப் பிரிச்சு அனுப்பிடும். 'பஸ் எத்தனை மணிக்கு, டிக்கெட் என்ன விலை'ன்னு எல்லாரும் கேக்கறதையே கேட்டா உள்ளயே விடாது. ஒரு தடவை எடுத்த பதிலை கேச்ல வெச்சிருந்து, வாசல்லயே குடுத்து அனுப்பிடும்."

பல நாளாகக் கேட்ட இந்த விளக்கத்தை அக்கா துணி கொடுக்க வந்த அத்தனை பேரிடமும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்திருந்தாள். கேட்காதவர்களிடமும்தான்.

கோளாறு மேலேயிருந்து வந்தது. மூன்றில் ஒன்று புத்தம் புதிது என்று தெரிந்ததும் இயக்குநர் கூப்பிட்டார்: "நானும் பொதுஜனத்தோட போகணுமாப்பா? என்னைப் புதுசுக்கு அனுப்பு." அவருக்கென்று தனி வழி போட்டான். அது மேலாளர் காதுக்கு எட்டியது, அவருக்கும் போட்டான். பிறகு கணக்குப் பிரிவுத் தலைவருக்கு. பிறகு இயக்குநரின் மாமனாருக்கு. அவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு அவர் மகள் மட்டுமே. எடுத்துவைத்த பழைய பதில் தங்களுக்கு வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்துத் தர வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. பொதுமக்களுக்குப் பழைய சர்வர்கள் இரண்டும், கேச்சும்.

விற்பனை தொடங்கிய கையோடு தம்பியின் போன் அலறியது.

"தளம் படுத்துடுச்சு!" இயக்குநர் குதித்தார். "வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு!"

"சார், டிக்கெட் வித்துக்கிட்டுத்தான் இருக்கு. உங்க வழியில மட்டும்தான்..."

"என் கண்ணு பொய் சொல்லுதா? எல்லாரும் மீட்டிங்குக்கு வாங்க!"

மடிக்கணினியில் முகங்கள் முளைத்தன. பேசிக்கொண்டே ஆளாளுக்குப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தார்கள். கணக்குப் பிரிவுத் தலைவர் மொத்த விற்பனை அறிக்கையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். புது சர்வருக்கு மூச்சு முட்டியது. பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அதே நேரம் சட்டை வாங்க வந்த பெண் வாசலில் நின்று போனைக் காட்டினாள்: "டிக்கெட் கெடச்சிடுச்சுக்கா! தொட்டதும் வந்துடுச்சு."

மாமனார் மைக்கை அணைக்க மறந்து, "அந்தப் பையனை மொதல்ல தூக்குங்க மாப்பிள்ளே" என்றார்.

அக்கா கத்தரிக்கோலோடு கோட்டைத் தாண்டினாள். "உண்மையச் சொல்லேன்டா!"

"சொன்னேனே, யார் கேட்டா?" என்று முணுமுணுத்தபடி தம்பி தனி வழிகளை ஒவ்வொன்றாக அழித்தான். மேலதிகாரிகள் மொத்தப் பேரும் சத்தமில்லாமல் பொதுஜனத்தோடு சேர்ந்தார்கள்.

"வந்துடுச்சு!" என்றார் இயக்குநர். "பாத்தீங்களா? சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குது. என்னப்பா பண்ணினே?"

"உங்க வழியைக் கொஞ்சம் அகலமாக்கினேன் சார்."

"ரொம்ப அகலமாக்கிடாதே. கண்டவனும் உள்ள வந்துடுவான்."

மறுநாள் மேலாளர் அழைத்தார். வேலை நிரந்தரம், மேலதிகாரிகளின் தனி வழியை இவனைவிட ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இயக்குநரே சொன்னாராம்.

"அதான் இப்ப இல்லையேடா?" என்றாள் அக்கா.

"இல்லாததாலதான்க்கா ஒழுங்கா இருக்கு."

அவள் மேசையைத் துடைத்து, சாக்பீஸை எடுத்து, கோட்டைத் தன் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போட்டாள். பிறகு வாசலில் துணியோடு வந்தவரிடம், முதலிலிருந்து ஆரம்பித்தாள்.